மேகத்தின் முகவரி

மரக்காணத்து உப்பளங்களில் மேகம் நல்ல செய்தி இல்லை. கோடையில் திடீரென்று ஒரு மழை பெய்தால் போதும், பாத்தியில் விளைந்து நிற்கும் உப்பு கரைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அந்த வருஷத்து வேலையே முடிந்தது. இப்படிப்பட்ட ஊரில் போய் “உங்க கணக்கையெல்லாம் மேகத்துல போட்டு வைங்க” என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

பெயர் வந்த கதை எளிமையானது. தொலைபேசி வலையமைப்பையோ இணையத்தையோ தாளில் வரையும்போது பொறியாளர்கள் நடுவில் ஒரு மேகம் போடுவார்கள். ‘இதற்குள் நடப்பது உன் கவலை இல்லை’ என்பது அதன் பொருள். கல்லூரியில் நானும் அந்த மேகத்தைப் பலமுறை வரைந்திருக்கிறேன். ஆனால் தன் தொழிலின் கணக்கை அதற்குள் வைக்கப்போகிறவருக்கு உள்ளே நடப்பதுதான் முதல் கவலையாக இருக்க வேண்டும்.

கணினியை வாடகைக்கு விடும் யோசனை பழையது. 1961-ல் எம்.ஐ.டி.யின் நூற்றாண்டு விழாவில் பேசிய ஜான் மெக்கார்த்தி, கணிக்கும் திறனும் ஒருநாள் தொலைபேசி போலப் பொதுச் சேவையாகலாம் என்றார். அப்போது ஓர் இயந்திரத்தின் விலை அப்படி. பலர் நேரத்தைப் பங்குபோட்டுத்தான் பயன்படுத்த முடிந்தது. பிறகு விலை குறைந்தது, மேசைக்கு மேசை கணினி வந்தது, வாடகைப் பேச்சு ஓய்ந்தது. 1999-ல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், பிரவுசர் வழியாகவே மென்பொருளை வாடகைக்கு விட்டது. 2006 மார்ச்சில் அமேசான் சேமிப்பிடத்தை வாடகைக்குக் கொடுத்தது. அதே ஆகஸ்டில் முழுக் கணினியையே கொடுத்தது, மணிக்குப் பத்து சென்ட். அதற்கு முன் ஒரு இணையத் தொழில் தொடங்க சர்வர், யு.பி.எஸ்., ஏ.சி. அறை என்று முதல் போட வேண்டும். இனி அது மின்கட்டணம் மாதிரி மாதச் செலவு.

இந்த மாற்றத்தைச் சென்னை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2005-ல் ஜோஹோ ரைட்டரை வெளியிட்டது, 2009-ல் ஜோஹோ என்றே பெயரை மாற்றிக்கொண்டது. 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், ஃப்ரெஷ்வொர்க்ஸாக வளர்ந்து 2021-ல் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது. இவை விற்பது பெட்டியில் வரும் பொருள் இல்லை. மாதாமாதம் கட்டும் சந்தா.

கிளவுடில் மூன்று வகை சொல்வார்கள். உப்பை வைத்தே சொல்லிவிடலாம். வெறும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, எல்லாம் நீங்களே செய்வது ஒன்று. பாத்தியும் நீரும் குத்தகை விட்டவர் பொறுப்பு, விளைச்சல் மட்டும் உங்கள் வேலை என்பது இரண்டாவது. கடையில் உப்புப் பாக்கெட் வாங்கிச் சமைப்பது மூன்றாவது. சிறு தொழில் செய்பவருக்குப் பெரும்பாலும் மூன்றாவதே போதும்: கணக்கு, பில், மின்னஞ்சல். சீசனுக்குச் சீசன் வேலை கூடிக் குறையும் தொழிலுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. வேலை இல்லாத மாதங்களில் வாடகையைக் குறைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் மரக்காணத்தில் எனக்குத் தெரிந்த ஓர் உப்பு வியாபாரியிடம் சொன்னேன். பத்து வருஷக் கணக்கு ஒரே கணினியில் இருக்கிறது. 2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் இந்தக் கரையைக் கடந்தபோது அந்தப் பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றிப் பரண்மேல் ஏற்றியவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “தம்பி, எங்கயோ பத்திரமா இருக்குதுன்ற. அந்த எங்கயோ எந்த ஊரு?”

சரியான கேள்வி. 2015 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் இந்தியத் தரவு மையங்களைத் திறந்தது: புனே, மும்பை, சென்னை. இரண்டே மாதத்தில், டிசம்பர் 1-ல் சென்னையில் பெருவெள்ளம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. மேகம் என்று நாம் சொல்வதும் ஒரு கட்டடம்தான். அதற்கும் தெரு உண்டு, டீசல் ஜெனரேட்டர் உண்டு, மழையும் உண்டு. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்தது. வேறு இடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் பலர் தரவை நிரந்தரமாக இழந்தார்கள். கிளவுடில் போட்டாலே ரெண்டு ஊரில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கேட்டு, பல நேரம் தனியாகப் பணம் கட்டித்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு விஷயம், இந்தக் கரைக்கு நன்றாகத் தெரிந்தது. 1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. விளைவித்தவர் கம்பெனி சொன்ன விலைக்குக் கம்பெனியிடமே ஒப்படைக்க வேண்டும். உழைப்பு இவருடையது, கிடங்குச் சாவி அவரிடம். ஏகபோகத்தின் வடிவம் பின்னால் மாறினாலும் உப்பு வரி ஒழிந்தது 1947 ஏப்ரலில்தான். கிளவுட் நிறுவனம் கம்பெனி ஆட்சி இல்லை. யாரும் சட்டம் போட்டு உங்களை உள்ளே தள்ளவில்லை. ஆனால் உள்ளே வைப்பது சுலபமாகவும் வெளியே எடுப்பது செலவாகவும் இருந்தால், சாவி யாரிடம் என்ற கேள்வி வரத்தான் செய்யும். தரவை வெளியே கொண்டுபோகப் பெரிய நிறுவனங்கள் வருஷக்கணக்காகக் கட்டணம் வாங்கின. ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென்று சட்டம் கொண்டுவந்த பிறகு, 2024-ன் முதல் மூன்று மாதங்களில் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, முழுவதுமாக விலகிப் போகிறவர்களுக்கு மட்டும் அந்தக் கட்டணத்தை நீக்கின.

ஆகவே, ‘கிளவுடுக்குப் போகலாமா, வேண்டாமா’ என்று யாராவது கேட்டால் போங்கள் என்றுதான் சொல்கிறேன். பரண்மேல் இருக்கும் பெட்டியைவிட அது பாதுகாப்பு. கையெழுத்துப் போடும் முன் மூன்றை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: என் தரவு எந்த ஊரில் இருக்கிறது, அதன் நகல் வேறு எந்த ஊரில், நான் கிளம்பும் நாளில் எல்லாவற்றையும் எந்த வடிவத்தில், எவ்வளவு செலவில் திருப்பித் தருவீர்கள். பதில் வந்ததும் ஒருமுறை உண்மையிலேயே எல்லாத் தரவையும் இறக்கி, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அரை நாள் வேலை. அதை அக்டோபருக்கு முன்னால் செய்துவிடுவது நல்லது.