காய்ச்சல் முதல் ஏ41.9 வரை: ஒரு மரணக் குறிப்பின் வரலாறு

திருச்சானூரில் நிகழ்ந்த ஒரு மரணம் ஆவணத்தில் எப்பெயர் பெற்றது என்பது, அது நிகழ்ந்த காலத்தைப் பொறுத்தது. 1911 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இவ்வூர் வட ஆர்க்காடு மாவட்டத்தின் சந்திரகிரி தாலுகாவில் இருந்தது. 1953 வரை சென்னையின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. இந்த மாற்றங்களுக்கிடையே, பாக்டீரியா குருதியில் கலந்து உடலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக வீழ்த்தும் நோய்க்கு ஆவணங்கள் இட்ட பெயரும் மாறிக்கொண்டே வந்தது.

1899ஆம் ஆண்டின் சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் காலத்தில் கிராம மரணங்களைப் பதிந்தவர்கள் மருத்துவப் பயிற்சி இல்லாத கிராம அதிகாரிகள். காலரா, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சுவாச நோய், காயம், பிற காரணங்கள் என்னும் சில தலைப்புகளுக்குள்ளேயே காலனிய அறிக்கைகள் மரணங்களை அடக்கின. பிள்ளைபெற்ற பத்தாம் நாள் குளிர்சுரம் கண்டு இறந்த பெண்ணும், காற்புண் அழுகி இறந்த உழவரும், மலேரியாவால் இறந்த குழந்தையும் ‘காய்ச்சல்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் வருவதற்கு அம்முறை இடமளித்தது.

அக்காலத்தில் இந்நோய்க்குப் பெயர் இல்லாமலில்லை. அழுகலைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து ‘செப்டிசீமியா’ என்னும் சொல் 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவத்தில் பிறந்துவிட்டது. 1893இல் சிகாகோவில் ழாக் பெர்த்தியோன் முன்வைத்த மரணக் காரணப் பட்டியலே இன்றைய பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் வேர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பட்டியலில் சீழ்த்தொற்றுக்கும் செப்டிசீமியாவுக்கும் ஓர் இடம் இருந்தது. ஆனால் அப்பெயரை எழுத ஒரு மருத்துவர் நோயாளியைப் பார்த்திருக்க வேண்டும். கிருமியைப் பெயரிட்டுச் சொல்லக் குருதியை வளர்சோதனைக்கு உட்படுத்தும் ஆய்வகமும் வேண்டும். கிராமத்தில் இவ்விரண்டும் இல்லை.

1948இல் உலக சுகாதார நிறுவனம் இவ்வகைப்பாட்டைத் தன் பொறுப்பில் ஏற்றது. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தம் இந்நோயை நுட்பமாகப் பிரிக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்தால் ஏ40, பிற கிருமிகளால் வந்தால் ஏ41, பச்சிளங்குழந்தைக்குப் பி36, மகப்பேற்றுக்குப்பின் வந்தால் ஓ85. கிருமி இன்னதென்று குறிப்பிடப்படாவிட்டால் ஏ41.9. நூறாண்டுக்கு முன் ஒரே தலைப்பின்கீழ்க் கிடந்த உழவரும் பெண்ணும் இங்கே வெவ்வேறு இடம் பெறுகின்றனர்.

எனினும் சிக்கல் தீரவில்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் மருத்துவமனைகள் நிரப்பும் படிவம் 4, உடனடிக் காரணத்தை முதல் வரியிலும் அதற்கு இட்டுச்சென்ற காரணங்களை அடுத்த வரிகளிலும் கேட்கிறது. நீரிழிவால் வந்த காற்புண் முற்றிச் செப்சிஸில் முடிந்திருந்தால், ஒழுங்காக நிரப்பிய படிவத்தில் புள்ளிவிவரத்துக்குச் செல்லும் அடிப்படைக் காரணம் நீரிழிவு. செப்சிஸ் அட்டவணையிலிருந்து மறைந்துவிடும். ‘செப்சிஸ்’ என்று மட்டும் எழுதிக் கீழ்வரிகளை வெறுமையாக விட்டால் ஏ41.9 பதிவாகும்; நீரிழிவு மறைந்துவிடும். இதனாலேயே உலக நோய்ச்சுமை ஆய்வுகள் அடிப்படைக் காரணமாகப் பதிவான ஏ41.9ஐப் பயனற்ற குறியீடாகக் கருதி, அம்மரணங்களை வேறு காரணங்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. செப்சிஸின் உண்மையான அளவை அறிய விரும்பிய ஆய்வாளர்கள் சான்றிதழின் எல்லா வரிகளையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. 2020இல் ‘லான்செட்’ இதழில் வெளியான அவர்களின் மதிப்பீட்டின்படி, 2017இல் மட்டும் உலகில் 4.89 கோடிப் பேருக்குச் செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் அதனோடு தொடர்புடைய மரணம் எய்தினர்.

சொல்லின் பொருளும் நிலைத்து நிற்கவில்லை. பத்தாம் திருத்தத்தில் முதலில் ‘செப்டிசீமியா’ என்றிருந்த தலைப்பு பின்னர் ‘செப்சிஸ்’ ஆயிற்று. முன்னது குருதியின் நிலையைச் சுட்டியது. பின்னதை 2016ஆம் ஆண்டின் வரையறை, தொற்றுக்கு உடல் கட்டுப்பாடின்றி எதிர்வினை ஆற்றுவதால் உயிருக்கு ஆபத்தாகும் உறுப்புச் செயலிழப்பு என்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தம் கிருமியை விட்டு, அதிர்ச்சிநிலை உண்டா இல்லையா என்பதைக் கொண்டு 1ஜி40, 1ஜி41 எனப் பிரிக்கிறது. ஆகவே பல பத்தாண்டுகளின் எண்களை ஒரே வரிசையில் அடுக்கி ‘நோய் பெருகியது’ என்று முடிவுகட்டும் மாணவர், பெருகியது நோயா, அச்சொல்லின் பயன்பாடா என்று முதலில் கேட்க வேண்டும்.

இவையெல்லாம் சான்றிதழ் பெற்ற மரணங்களுக்கே பொருந்தும். 2020இல் இந்தியாவில் பதிவான மரணங்களுள் மருத்துவச் சான்று பெற்றவை 22.5 விழுக்காடு மட்டுமே. எஞ்சியவற்றை நோக்கும்போது 1899இன் பதிவேடு அத்தனை தொலைவில் இல்லை.

‘காய்ச்சல்’ என்னும் தலைப்பும் ஏ41.9 என்னும் குறியீடும் நூறாண்டு இடைவெளியில் பிறந்தவை. ஆயினும் இரண்டும் பல நேரங்களில் ஒரே வேலையைச் செய்கின்றன: கேள்வி நின்றுபோன இடத்தைக் காட்டுகின்றன. அந்தப் பெண்ணின் மரணம் தூய்மையற்ற பிரசவத்தால் நேர்ந்ததா, அந்த உழவரின் புண்ணுக்கு உரிய காலத்தில் மருந்து கிட்டியதா என்பதைக் குறியீடு தானே சொல்லாது. படிவத்தின் இரண்டாம் வரியை எவரேனும் நிரப்பியிருந்தால்தான் அது பதிவாகும்.