முதல் குக்ரி

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகின்ற திருக்காட்டுப்பள்ளிப் பகுதியில் வளைந்த கத்திக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. கதிர் அறுக்கப் பல் வைத்த கருக்கரிவாள், வாழைக்கொல்லைக்கும் தென்னந்தோப்புக்கும் வெட்டரிவாள், அடுக்களையில் அரிவாள்மணை. ஊர்க் கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்கோ தீயின் பெயரால் அக்னீஸ்வரர் என்று திருநாமம். இப்படிப்பட்ட ஊர்க்காரர் ஒருவர், மலையேற்றத்துக்கும் காட்டு முகாமுக்கும் எடுத்துச் செல்ல நேபாளத்து குக்ரி ஒன்றை வாங்க விரும்பினால் எதைப் பார்த்து வாங்குவது? கேள்வி எளியதுதான். ஆனால் பக்கத்துக் கொல்லுப்பட்டறையின் அரிவாளை விட்டுவிட்டு இமயமலைக் கத்தியை மனம் நாடுவது ஏன் என்று கேட்கத் தொடங்கினால், விடை இருநூறு ஆண்டு வரலாற்றுக்குள் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் தமிழகத்தின் தென்பகுதியில் பாளையக்காரர்களை ஒடுக்கி முடித்தது 1801 இல். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. மருது சகோதரர்கள் அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் முதல் நாளில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், பாளையங்களில் கோட்டைகளும் ஆயுதங்களும் இருக்கக் கூடாதென்றது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்று, அவரை எதிர்த்துப் போரிட்ட படையிலேயே இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அந்நூல் வெளிவந்தது 1830 இல். அதற்குள் வளரி வழக்கொழியத் தொடங்கியிருந்தது.

இனி வடக்கே போவோம். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்து அதைக் கொடூரமாக அடக்கியவர் ரோலோ கில்லெஸ்பி. இதே கில்லெஸ்பி எட்டாண்டுகள் கழித்து, 1814 அக்டோபர் 31 அன்று, டேராடூனை அடுத்த நாலாபானிக் கோட்டையைத் தாக்கப் போய் அதன் வாயிலருகே குண்டடிபட்டு மாண்டார். (குக்ரியால் அன்று, துப்பாக்கியால்; கதை சொல்லிகள் இதை மறந்துவிடுவதுண்டு.) கோட்டைக்குள் இருந்தவர்கள் பலபத்ர குன்வரின் தலைமையிலான கூர்க்காக்கள். தண்ணீர் வரும் வழியை அடைத்த பின்னரே கம்பெனியால் அவர்களை வெளியேற்ற முடிந்தது. பிற்பாடு வெள்ளையர் அங்கே இரண்டு தூண்களை நட்டனர். ஒன்று கில்லெஸ்பிக்கும் உடன் மாண்டோருக்கும், மற்றொன்று எதிரி பலபத்ரருக்கும் அவர்தம் வீரர்க்கும்.

தோற்ற எதிரிக்குத் தூண் நட்டதோடு நிற்கவில்லை. 1815 இலேயே கூர்க்காப் பட்டாளங்களைத் திரட்டத் தொடங்கினார்கள். குக்ரி அவர்கள் இடுப்பிலேயே இருந்தது, பின்னர் படைப்பிரிவுச் சின்னங்களிலும் ஏறியது. ஒரே கம்பெனி, பதினைந்தாண்டுக்குள், ஒரு நாட்டாரின் ஆயுதத்தைப் பறித்தது. இன்னொரு நாட்டாரின் ஆயுதத்தைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. குக்ரியின் உலகப் புகழுக்கு அதன் வடிவச் சிறப்பு பாதிக் காரணம் என்றால், இந்த அரசியல் மீதிப் பாதி என்பது நம் கருத்து. அப்புகழின் கறையையும் சொல்லத்தான் வேண்டும். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கிற்கு டயர் அழைத்துச் சென்ற படையில் துப்பாக்கியேந்திய ஐம்பதின்மரைத் தவிர, குக்ரி மட்டும் ஏந்திய கூர்க்காக்கள் நாற்பது பேர் இருந்தனர்.

அரிவாளுக்கு இப்படி ஒரு பட்டாளம் வாய்க்கவில்லை. அது வயலில் வேலை செய்தது, கருப்பசாமியின் கையில் நின்றது, கதிரோடு சேர்ந்து கம்யூனிஸ்டுக் கட்சியின் தேர்தல் சின்னமாகி டெல்டாச் சுவர்களில் ஏறியது. திரைப்படத்திலும் செய்தித்தாளிலும் அதற்குக் கிடைத்த இடமோ கொலைக்கருவியின் இடம். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி, மருதுகள் ஆண்ட சிவகங்கைச் சீமையில் இருப்பது சுவையான பொருத்தம். அதை வைத்து வம்சாவளி எழுதிவிட நாம் துணியமாட்டோம். அலெக்சாந்தர் படையின் கோபிஸ் வாளிலிருந்தே குக்ரி பிறந்தது என்பாரின் கூற்றும் இதே போன்ற துணிச்சல்தான். கொல்லன் எங்கிருந்தாலும், வெட்டும் வேகத்துக்கு எடையை முன்னே தள்ளினால் இரும்பு வளையத்தான் செய்யும்.

இனி வாங்குவோர் கவனத்துக்கு. நல்ல குக்ரி, திருப்பாச்சேத்தி அரிவாளைப் போலவே, பெரும்பாலும் பழைய லாரியின் வில்பட்டையிலிருந்து அடிக்கப்படுகிறது. பழுக்கக் காய்ச்சியபின், கொல்லர் கெண்டியிலிருந்து வாய்ப்பக்கத்தில் மட்டும் நீரை ஊற்றிப் பதம் ஏற்றுகிறார். வாய் கடினமாகிறது, முதுகு மெத்தென்று இருந்து அடியைத் தாங்குகிறது. ஆகவே அரத்தைப் போட்டுப் பார்க்க இடம் கொடுக்கும் வியாபாரியே நம்பத் தக்கவர்: அரம் வாயில் வழுக்க வேண்டும், முதுகில் கடிக்க வேண்டும். அலகு பத்து அங்குலத்தை ஒட்டி இருந்தால் புதியவர் கைக்கு அடங்கும். சிறுபாத்தே என்னும் ஒல்லி வகை பார்வைக்கு அழகு, ஆனால் விறகு பிளக்க அங்க்கோலா போன்ற அகன்ற வகையே உதவும். பிடிக்குள் நுழையும் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடுகிறதா என்று பார்ப்பது முக்கியம். பாதியில் நின்றால் ஒருநாள் அலகு தனியே பறக்கும். அடிப்பகுதியில் உள்ள கவட்டைக்குச் சிவனின் சூலம், பசுவின் குளம்பு என்று பல விளக்கங்கள் உண்டு, எதை நம்பினாலும் வெட்டு மாறாது. உறையிலிருந்து உருவும்போது வாய்ப்பக்கம் விரல்களைச் சுற்றிப் பிடிக்கலாகாது. உறையைக் கிழித்துக்கொண்டு அலகு விரலுக்கு வந்துவிடும்.

சட்டமும் உண்டு. 1962 ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் குக்ரியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டன: அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் அது ஆயுதப் பட்டியலில் சேரும், வீட்டுக்கும் உழவுக்கும் செய்த கருவிகளுக்கு விலக்கு. 2016 இல் புதிய விதிகள் வந்தன. வாங்குமுன் அவற்றைப் பார்த்துக்கொள்வது நலம். உழவுக் கருவி என்ற பெயரில் அரிவாளுக்குக் கிடைக்கும் விலக்கு குக்ரிக்கு எளிதில் கிடைக்காது. புகழுக்கு அது கொடுக்கும் விலை போலும்.

ஒன்று மட்டும். குக்ரியின் முதுகு தடித்தது, காய்ந்த மரத்துக்காக வளர்ந்த கனம் அது. நீர் கோத்த வாழையிலும் பச்சை மட்டையிலும் அந்தக் கனம் சுமைதான், மெல்லிய வெட்டரிவாள் அங்கே இரண்டு வீச்சில் வேலையை முடித்துவிடும். மலைக்குப் போகிறவர் குக்ரி வாங்கட்டும். கொல்லையோடு நிற்கிறவர், வில்பட்டைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளூர்ப் பட்டறைக்குப் போய், கைப்பிடியின் அளவைக் கொல்லரிடம் காட்டி அடித்து வாங்கிக்கொள்ளலாம். அறுவடை இயந்திரம் வந்தபின் கருக்கரிவாளுக்கு ஆளில்லாமல் போன அந்தப் பட்டறைகளில், இன்னும் துருத்தி ஊதுகிற சில உண்டு.