போர்ட்டோஃபினோவும் நம்ம பழவேற்காடும்

இத்தாலியில ஜெனோவா பக்கத்துல போர்ட்டோஃபினோன்னு ஒரு குட்டி கடற்கரை ஊர். ஜனத்தொகை ஐநூறைக்கூட தொடாது. ஆனா உலகப் பணக்காரங்க எல்லாம் படகுல வந்து இறங்குற இடம். மஞ்சளும் ஆரஞ்சுமா வரிசையா வீடுங்க, முன்னாடி சின்னதா ஒரு துறைமுகம், பின்னாடி மலை. படத்துல பார்த்தாலே ஆசை வந்துடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்குற எனக்கு இத்தாலி எல்லாம் கொஞ்சம் தூரம் :-) ஆனா பொன்னேரிக்குப் போய் கிழக்கால திரும்பினா பழவேற்காடு இருக்கு. ஒரு மீனவ ஊருக்கு உலகப் புகழ் எப்படி வருது, எப்படிப் போகுது, எது அதைக் காப்பாத்துதுன்னு புரிஞ்சுக்க இந்த ரெண்டு ஊரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா போதும்னு தோணுது.

முதல்ல போர்ட்டோஃபினோ. ரோமானியர் காலத்துலயே இருந்த ஊர்தான், ஆனா ரொம்ப நாள் வெறும் மீனவ கிராமம். 1867-ல ஜெனோவாவுல இருந்த பிரிட்டிஷ் தூதர் ஒருத்தர் அங்க மலைமேல இருந்த பழைய கோட்டையை வாங்கினார். அதுக்கப்புறம் ஆங்கிலேயர்கள் வர ஆரம்பிச்சாங்க. 1922-ல எலிசபெத் வான் ஆர்னிம் எழுதின ஒரு நாவல் அந்தக் கோட்டையை வெச்சுதான். 1950-களுக்குப் பிறகு ஹாலிவுட் நட்சத்திரங்கள் வந்து ஊரோட பேரைத் தூக்கி விட்டாங்க. இதுக்கெல்லாம் நடுவுல 1935-லயே அந்த மலையையும் சுத்துப்புறத்தையும் பாதுகாக்க சட்டம் போட்டுட்டாங்க. இஷ்டத்துக்குக் கட்டடம் கட்ட முடியாது. நட்சத்திரங்கள் வர்றதுக்கு முன்னாடியே சட்டம் வந்துடுச்சுங்கறதை கவனிங்க.

இப்போ நம்ம ஊர். பழவேற்காடு உலகப் புகழ் அடைஞ்சது போர்ட்டோஃபினோவுக்கு 300 வருஷம் முன்னாடி! போர்த்துகீசியர் 1500-களோட தொடக்கத்துலயே வந்துட்டாங்க. டச்சுக்காரங்க விஜயநகர அரசர்கிட்ட அனுமதி வாங்கி 1610-ல உள்ள வந்தாங்க, 1613-ல கெல்டிரியா கோட்டையைக் கட்டினாங்க. 1690-ல தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போற வரைக்கும் சோழமண்டலக் கரை முழுக்க அவங்க வியாபாரத்துக்கு இதுதான் தலைநகரம்.

எதுக்கு இந்த ஊர்? துணிக்கு. இந்தோனேசியத் தீவுகள்ல மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வாங்கணும்னா அங்க இருக்கறவங்க கேட்டது நம்ம பக்கத்துத் துணி. அந்தக் கட்டம் போட்ட துணிக்கு ஊர்ப் பேரே ஒட்டிக்கிச்சு. மலேசியாவுல இன்னைக்கும் கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலிக்காட்'னு பேரு. கைன்னா துணி, பெலிக்காட்னா பழவேற்காடு. ஊரை மறந்தாலும் பேரை மட்டும் இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியறாங்க!

இன்னொரு விஷயம். 1611-ல ஆங்கிலேயர்கள் கப்பல் இங்க வந்து வியாபாரத்துக்கு இடம் கேட்டுச்சு. டச்சுக்காரங்க விடலை. அப்புறம் அவங்க வடக்கே ஆர்மகானுக்குப் போய், அதுவும் சரிப்படாம 1639-ல தெற்கே மதராசப்பட்டினத்துல இடம் பிடிச்சாங்க. ஆக சென்னை உருவானதுல பழவேற்காட்டுக்கும் மறைமுகமா ஒரு பங்கு இருக்கு.

இந்தப் பெருமையை மட்டும் சொல்லிட்டுப் போனா அது பாதிக் கதை. இதே துறைமுகத்துல இருந்து டச்சுக்காரங்க ஆயிரக்கணக்கான நம்ம ஜனங்களை அடிமைகளா படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏத்தினாங்க. பஞ்ச காலத்துல தன்னையும் பிள்ளைகளையும் வித்துக்கிட்டவங்க அதுல நிறைய பேர். வெடிமருந்து ஆலையும் இங்க இருந்துச்சு. டச்சு கல்லறைத் தோட்டத்து வாசல்ல செதுக்கின எலும்புக்கூடுகளை எல்லாரும் போட்டோ எடுக்கறோம். கப்பல்ல போனவங்களுக்கு ஒரு கல்லும் கிடையாது.

1795-ல ஆங்கிலேயர் ஊரைப் பிடிச்சாங்க, அடுத்த சில வருஷத்துல கோட்டையை இடிச்சாங்க. நடுவுல 1818-ல டச்சுக்காரங்க கைக்கு வந்து, 1825-ல ஒரேயடியா ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. அதுக்குள்ள வியாபாரம் முழுக்க சென்னைக்குப் போயாச்சு. இன்னைக்கு கோட்டை இருந்த இடத்துல முள்ளும் புதரும் மண்டின மேடுதான்.

அப்போ ஊர்ல மிஞ்சினது என்ன? ஏரி. சில்காவுக்கு அடுத்து இந்தியாவுலயே ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு. ஆரணியாறும் காளங்கியாறும் நல்ல தண்ணி கொண்டு வரும், முகத்துவாரம் வழியா கடல் தண்ணி வரும். ரெண்டும் கலக்கறதாலதான் இறாலும் நண்டும். எந்த ஊர்க்காரங்க எந்த இடத்துல எந்த நாள் வலை போடணும்னு முறை வெச்சுப் பிரிச்சுக்குவாங்க. இதுக்குப் பேரு 'பாடு'. எந்த அரசாங்கமும் எழுதிக் கொடுத்ததில்லை, தலைமுறை தலைமுறையா அவங்களே நடத்துறது.

முகத்துவாரத்துல மணல் சேர்ந்து அடைச்சுக்கிட்டா படகு கடலுக்குப் போகாது, ஏரிக்குள்ள மீன் வராது. தெற்கே எண்ணூர்ல 2001-லயும் காட்டுப்பள்ளியில 2013-லயும் துறைமுகங்கள் இயங்க ஆரம்பிச்சுது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை இன்னும் பெருசாக்கும் திட்டம் வந்தப்போ மீனவர்கள் எதிர்த்தாங்க. கரை அரிக்கும், ஏரி கெடும்ங்கறது அவங்க பயம்.

தொழிற்சாலையே வேணாம்னு நான் சொல்ல முடியாது. என் சோறே அதுலதான். ஆனா கணக்கைப் பாருங்க. செத்துப்போன டச்சுக்காரங்க கல்லறைக்குத் தொல்லியல் துறை பாதுகாப்பு இருக்கு. பறவைகளுக்கு 1980-ல சரணாலயம் வந்தாச்சு. அந்த ரெண்டும் வேணும்தான். பாடு முறையில வலை போடுற மனுஷனுக்கும் அவன் படகு போற முகத்துவாரத்துக்கும் அதே அக்கறை வேணாமா? போர்ட்டோஃபினோவுல 1935-லயே யோசிச்சாங்க, இன்னைக்கும் அந்த ஊர் ஊரா இருக்கு.

அடுத்த தடவை பழவேற்காடு போனீங்கன்னா கல்லறையைப் பார்த்துட்டு உடனே வண்டியைத் திருப்பாதீங்க. படகுத்துறைக்கு நடந்து போங்க. யாராவது வலை பிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. இந்த வருஷம் முகத்துவாரம் திறந்திருக்கா அண்ணேன்னு கேட்டுப் பாருங்க. அந்த ஊரோட இன்றைய சரித்திரத்தை அவரு சொல்லுவாரு.