வெங்காரம் போன வழி

கொழும்புச் செட்டியார் தெரு நகைப் பட்டறைகளில் வெங்காரத்துக்கு ஒரு சின்னக் கல் போதும். கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டியை உரைத்து, அந்தக் குழம்பைத் தூரிகையால் பொன்னின் பொருத்தில் பூசுவார் பத்தர். சுடர் பட்டதும் அது பொரிந்து வெள்ளையாக உப்பும். பிறகு உருகித் தெளிந்து அடங்கும். அதற்கடியில் பற்றாசு ஓடிப் பிடிக்கும். கொட்டாஞ்சேனைச் சந்துகளில் கரம் போர்டில் தூவுகிற போறிக் பவுடரும் இதன் வழி வந்ததுதான்.

முன்னொரு காலத்தில் வெங்காரம் திபெத்து ஏரிக்கரைகளில் கிடைத்தது. ஆடுகளின் முதுகில் சிறு பைகளாகக் கட்டி இமயக் கணவாய்களைத் தாண்டிக் கொண்டுவந்தார்கள். இன்று, வெங்காரத்துக்குள் இருக்கும் போரனின் உலக இருப்பில் பெரும்பகுதி துருக்கி மண்ணில் இருக்கிறது.

அதை எரிபொருளாக்கும் கதை சிக்காகோவில் தொடங்குகிறது. 1936இல் ஹெர்பர்ட் பிரவுன் என்ற மாணவருக்கு அவருடைய காதலி சாரா ஒரு புத்தகம் பரிசளித்தார்: போரன், சிலிக்கன் ஐதரைட்டுகளைப் பற்றி அல்பிரட் ஸ்டொக் எழுதியது. விலை இரண்டு டொலர். கடையிலிருந்த இரசாயனப் புத்தகங்களில் அதுதான் மலிவு என்று பின்னாளில் பிரவுனே சொன்னார். போர்க்காலத்தில் அவரும் பேராசிரியர் ஷ்லெசிங்கரும் யுரேனிய ஆய்வுக்காகத் தேடிப்போன வழியில் சோடியம் போரோஐதரைட்டு கைக்கு வந்தது. களத்தில் ஐதரசன் தேவைப்பட்ட அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் படைக்கு அது பொருத்தமாக இருந்தது. ஆய்வு 1953இல்தான் அச்சேறியது. 1979இல் பிரவுனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சோடியம் போரோஐதரைட்டின் அழகு எளிமையில் இருக்கிறது. இந்த வெள்ளைத் தூளைக் கொஞ்சம் காரத்தோடு தண்ணீரில் கரைத்தால் பேசாமல் கிடக்கும். கோபால்ட்டு அல்லது ருதேனியம் பூசிய ஊக்கியைத் தொட்டவுடன் ஐதரசன் நுரைத்துக் கிளம்பும். கரைசலை ஊக்கியிலிருந்து விலக்கினால் நின்றுவிடும். வருகிற ஐதரசனில் பாதி தூளுடையது, பாதி தண்ணீருடையது. ஒரு கிராம் தூளுக்கு ஏறக்குறைய 2.4 லீற்றர் வாயு. அழுத்தச் சிலிண்டர் வேண்டாம். எரிபொருள் கலம் அந்த வாயுவைக் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்த்து மின்சாரமாக்கும். கலம் பாதித் திறனோடு வேலை செய்தாலே 10 கிராம் தூள் கைத்தொலைபேசியை இரண்டு தடவை முழுமையாக ஏற்றிவிடும் என்று கணக்கு வருகிறது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் போனதை வெள்ளவத்தை மாடிவீடுகளில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். பெற்றோல் இல்லாமல் ஜெனரேட்டர்களும் கிடந்தன. முதியவரின் சுவாசக் கருவிக்கு, பிள்ளையின் படிப்பு விளக்குக்கு, அலமாரியில் வைக்கக்கூடிய ஒரு எரிபொருள் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! நான் இதைப் பற்றி எழுதுவதே அதற்காகத்தான்.

ஆனால் வாயு வந்தபின் எஞ்சுவது சோடியம் மெற்றாபோரேற்று, வெங்காரத்தின் நெருங்கிய உறவு. எரிந்து தீர்ந்த உப்பு அது. அதைத் திரும்பத் தூளாக்குவதுதான் பெரும்பாடு. பிரவுன் வழியில் ஒரு மூலக்கூறு போரோஐதரைட்டுக்கு நான்கு சோடியம் அணுக்கள் வேண்டும். அந்தச் சோடியத்தை உப்பிலிருந்து மின்சாரம் பாய்ச்சித்தான் எடுக்கிறார்கள். செலவெல்லாம் அங்கேதான். கிறைஸ்லர் நிறுவனம் 2001இல் ‘நாட்ரியம்’ என்ற வானை இந்தத் தூளைக்கொண்டு ஓட்டிக் காட்டியது. 2007இல் அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் ஆய்வுக்குழு வாகனங்களுக்கு இது சரிவராது என்று பரிந்துரைத்தது. வாகனத்துக்கு அது சரியான தீர்ப்பு. கையடக்கக் கருவிக்கு அதே அளவுகோலைப் போடக்கூடாது என்பேன். அங்கே வேண்டியது சில கிராம்தான்.

எஞ்சிய உப்பை மக்னீசியம் ஐதரைட்டோடு அரைத்து மீட்கும் முறையை ஆய்வுகூடங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். மக்னீசியம் வெள்ளவத்தைக் கடல்நீரிலேயே லீற்றருக்கு ஒரு கிராமுக்கு மேல் கரைந்திருக்கிறது. அதைப் பிரிக்கவும் மின்சாரம் வேண்டும். மன்னாரில் 2020 முதல் தம்பபவனி காற்றாலை சுழல்கிறது. அந்தக் காற்றில் கொஞ்சத்தை இந்த வேலைக்கு ஒதுக்கிப் பார்க்க நம் பல்கலைக்கழகம் ஒன்று முன்வரவேண்டும்.