விழுவது மெய்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, திருவேற்காட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. வாதி, நாலாம் வகுப்பில் படிக்கும் என் மகன். பிரதிவாதி, டெலிவிஷனில் நடந்துகொண்டிருந்த மல்யுத்தம். நீதிபதி, எண்பது வயதைத் தாண்டிய என் மாமனார்.

"ஸ்கூல்ல எல்லாரும் பொய்யின்னு சொல்றாங்க, தாத்தா. இந்தச் சண்டை நெஜமா, பொய்யா?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அப்பாவைக் கேளுடா. கதை எழுதறவர். பொய்யைப் பத்தி அவருக்குத்தான் நல்லாத் தெரியும்" என்று வழக்கை என் பக்கம் தள்ளிவிட்டார்.

கேள்வி லேசானது, பதில்தான் நூறு வருஷத்துச் சரித்திரம்.

நிஜமான மல்யுத்தம் எப்படியிருக்கும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1910-ஆம் ஆண்டு லண்டனில் நம் நாட்டுக் காமா பயில்வானும் போலந்துக்காரரான ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். காமாவின் பலத்தை உணர்ந்துகொண்ட ஸ்பிஸ்கோ குப்புறப் படுத்துவிட்டார். அவரைப் புரட்ட முடியவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இந்தப் படலம் நீடித்து, கடைசியில் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. 1928-இல் பாட்டியாலாவில் அதே இருவர் மறுபடி சந்தித்தபோதோ, ஒரு நிமிஷத்துக்குள் காமா ஜெயித்துவிட்டார். முதல் போட்டியில் ஜனங்கள் கொட்டாவி விட்டிருப்பார்கள். இரண்டாவதில், மேல்துண்டை மடித்துப் போட்டு உட்காருவதற்குள் எழுந்திருக்க வேண்டியிருந்திருக்கும். நிஜத்தில் இருக்கிற சங்கடம் இதுதான். டிக்கெட் வாங்கியவருடைய சௌகரியத்தை அது கவனிப்பதில்லை.

வியாபாரிகள் கவனித்தார்கள். யார் ஜெயிப்பது, எத்தனை நிமிஷத்தில் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் முறை 1920-களுக்குள் அமெரிக்காவில் வேரூன்றிவிட்டது. 1940-களின் கடைசியில் டெலிவிஷன் பரவியபோது, அந்தப் புதிய பெட்டிக்கு மலிவான தீனி தேவைப்பட்டது. மல்யுத்தத்துக்கு ஒரு மேடையும் இரண்டொரு காமிராவும் போதும். 'கார்ஜியஸ் ஜார்ஜ்' என்ற ஆசாமி தலைமுடிக்குப் பொன்னிறச் சாயம் பூசிச் சுருட்டிக்கொண்டு, தம் பணியாளை விட்டு மேடையில் வாசனைத் தைலம் தெளிக்கச் செய்து, அதன் பிறகே காலெடுத்து வைப்பார். அவர் எப்போது உதைபடுவார் என்று பார்ப்பதற்காகவே வாரந்தோறும் வீடுகளில் கூட்டம் கூடிற்று.

நம் ஊரில் அப்போது டெலிவிஷன் ஏது? ஆகவே மல்லர்களே ஊர் ஊராக வந்தார்கள். ஹங்கேரியைச் சேர்ந்த கிங்காங், சுமார் 400 ராத்தல் எடையும் தாடியுமாக வந்தார். பஞ்சாபிலிருந்து தாராசிங் வந்தார். சென்னைப் பட்டணத்தில் அவர்கள் மோதியபோது பள்ளிக்கூடத்துப் பையனாயிருந்த என் மாமனார், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு போனார். கிங்காங்தான் ஜெயிப்பார் என்று வகுப்புத் தோழனிடம் தம்முடைய பேனாவைப் பந்தயம் வைத்திருந்தார். கிங்காங் விழுந்தார், பேனாவும் போயிற்று. அதெல்லாம் முன்பே பேசி வைத்த சண்டை என்று பல வருஷங்களுக்குப் பிறகு யாரோ சொன்னார்களாம். அன்று முதல் அவர் எதிலும் பந்தயம் வைத்ததில்லை.

அதே தாராசிங்கை 1987-இல் தேசம் முழுவதும் மறுபடியும் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் வந்த 'ராமாயண'த் தொடரில் அவர்தான் அனுமார். அவர் மலையைத் தூக்கியபோது, "இது நிஜமா, பொய்யா?" என்று எந்த வீட்டிலும் வழக்கு எழவில்லை.

இதற்கிடையே அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. விளையாட்டு என்றால் அரசாங்கக் கட்டுப்பாடும் வரியும் உண்டு. ஆகவே 1989-இல் நியூஜெர்ஸி மாகாணச் சட்டசபையில், அந்நாட்டு மல்யுத்தக் கம்பெனிகளில் மிகப் பெரியதே தன் தொழில் வெறும் கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. ரகசியம் வெளிப்பட்டால் கடை மூடவேண்டியதுதான் என்று பரம்பரையாகப் பயந்திருந்தார்கள். நடந்ததோ நேர்மாறு. 1993 ஜனவரி 11-ஆம் தேதி அதே கம்பெனி 'ரா' என்ற வாராந்தரத் தொடரை ஆரம்பித்தது. மற்ற விளையாட்டுகளுக்குப் பருவம் உண்டு, ஓய்வு உண்டு. இதற்கு மட்டும் கிடையாது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நடந்து வருகிறது.

என் பிள்ளைப்பிராயம் அந்தக் காலத்தில் கழிந்தது. மல்லர்களின் உயரமும் எடையும் மார்பளவும் அச்சிட்ட சீட்டுகளை வைத்துக்கொண்டு கணக்குப் பாடத்தைக் கோட்டை விட்டவர்களில் நானும் ஒருவன். 1994 ஜனவரியில் அண்டர்டேக்கரைச் சவப்பெட்டிக்குள் தள்ளி மூடினார்கள். அவர் விண்ணுலகம் செல்வதுபோல் காட்டினார்கள். ஆகஸ்டு மாதம் சௌக்கியமாகத் திரும்பி வந்துவிட்டார். அவருக்கு ஏழு உயிர் என்று எங்கள் தெருவில் சாஸ்திரம் போல் நம்பினோம்.

இந்தியாவிலேயே அப்படியொரு தொடர் வேண்டும் என்ற ஆசையும் பிறந்தது. ஓர் அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி தயாரித்த 'ரிங் கா கிங்', 2012 ஜனவரியில் கலர்ஸ் சேனலில் தொடங்கியது. கிரிக்கெட் வீரர் ஹர்பஜன் சிங் அதன் விளம்பரத் தூதர். புனேயில் படம் பிடித்தார்கள். பஞ்சாபி மல்லர், அமெரிக்க மல்லர், ஆர்.டி.எக்ஸ். என்ற வில்லன் கூட்டம், எல்லாம் இருந்தன. ஆனால் 26 பகுதிகளோடு ஏப்ரல் மாதத்தில் முடிந்தது. இரண்டாவது சுற்று வரவேயில்லை.

ஏன் நிலைக்கவில்லை? என் அபிப்பிராயத்தைச் சொல்ல எங்கள் ஊர் நாயனார் ஒருவரைத் துணைக்கு அழைக்கிறேன். அறுபத்துமூவரில் ஒருவரான மூர்க்க நாயனார் திருவேற்காட்டுக்காரர். சிவனடியார்களுக்கு அன்னமிட்டே கைப்பொருளை இழந்து, பிறகு அந்த அன்னதானத்துக்காகவே சூதாடினார். முதல் ஆட்டத்தில் தாம் தோற்பார். பிறகு ஜெயித்துக்கொண்டே போவார். அவருடைய கதையைப் பாடிய சேக்கிழாரும் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர்தான். எதிராளியை முதலில் ஜெயிக்க விடுவதில் உள்ள சூட்சுமம் இந்தப் பக்கத்துக்கு அன்றே தெரியும்! வாராந்தர மல்யுத்தத்தின் உயிரும் அதுதான். கதாநாயகன் தோற்க வேண்டும். தோற்றவனுக்காக நாம் மாதக்கணக்கில் ஏங்க வேண்டும். மூன்றே மாதத்தில் எவருக்காக ஏங்குவது? பாரதக் கூத்தில் துரியோதனன் விழப்போவது பாட்டி காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். ஆனாலும் படுகளத்தன்று ஊரே கூடுகிறதென்றால், அத்தனை தலைமுறை ஏக்கம் அதன் பின்னால் இருக்கிறது.

இதையெல்லாம் மகனுக்குச் சுருக்கிச் சொன்னேன். "அப்போ பொய்தான்!" என்று ஜெயித்த குரலில் சொல்லிவிட்டு எழுந்தான். எங்கே கிளம்புகிறான் என்று நான் கவனிக்கவில்லை. வேறொரு நினைவு என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது.

1999 மே 23-ஆம் தேதி, கான்ஸஸ் ஸிட்டி அரங்கில் ஓவன் ஹார்ட் என்ற மல்லர் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வேடிக்கையாக மேடைக்கு வரவேண்டும் என்று ஏற்பாடு. கொக்கி விடுபட்டது. சுமார் 78 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். வயது 34. இது கதையில் சேர்ந்ததல்ல என்று வர்ணனையாளர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. காட்சியோ அதற்குப் பிறகும் நடந்தது. மறுநாள் 'ரா' நிகழ்ச்சியில் சக மல்லர்கள் வேஷத்தை விட்டு, சொந்த மனிதர்களாக நின்று அழுதார்கள்.

அந்த நேரத்தில் அடுத்த அறையிலிருந்து என் சின்ன மகள் வீரிட்டாள். ஓடிப் போய்ப் பார்த்தோம். தம்முடைய கதாநாயகரைப் போலக் கட்டிலின் விளிம்பில் இரண்டு கைகளையும் விரித்து நின்றான் பையன். கீழே தலையணைமேல் தங்கை கிடந்தாள்.

"பொய்தானே தாத்தா! அவளுக்கு வலிக்காது!"

மாமனார் அவனைத் தூக்கி இறக்கவில்லை, அதட்டவும் இல்லை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பேனா போனது எனக்கு மறந்துபோச்சுடா. ஆனா கிங்காங் விழுந்தப்போ பலகை அதிர்ந்தது பார், அது இன்னும் காதிலே கேக்குது. ஜெயிக்கிறவன் யாருன்னு பேசி வைக்கலாம். விழறவனுக்குத் தரையோட யாரும் பேசி வைக்க முடியாது."

பையன் கீழே தரையைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக இறக்கி, மெல்ல இறங்கினான்.