உப்பளக் கரையில் ஒரு மோட்டார் சைக்கிள்

சங்க காலத்து உமணர்கள் உப்பேற்றிய வண்டிகளை மேடு பள்ளங்களைக் கடந்து தொலைதூரம் ஓட்டிச் சென்றனர். புறப்படும்போதே வண்டியின் அடியில் ஓர் உதிரி அச்சையும் கட்டிக்கொண்டனர். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழும் ஔவையார், புறநானூற்றின் 102ஆம் பாடலில் அவனை இந்தச் ‘சேம அச்சு’க்கு உவமை கூறுகிறார். வண்டியை ஓட்டுபவனே அதன் பழுதையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்னும் நடைமுறைக்கு நம் இலக்கியத்தில் இதைவிடத் தெளிவான பழஞ்சான்று உண்டா என்பது ஐயமே.

உமணர் வண்டிகள் மறைந்துவிட்டன. உப்பு மறையவில்லை. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள மரக்காணத்தில் இன்றும் பாத்திகள் கண்ணுக்கெட்டிய தொலைவு விரிந்து கிடக்கின்றன. வெயில் ஏறுமுன் உப்பு வார வேண்டும் என்பதால் தொழிலாளர்கள் விடியற்காலையிலேயே கிளம்புகிறார்கள். மொபெட்டோ மோட்டார் சைக்கிளோ வைத்திருப்பவருக்கு, வழியில் செயின் அறுந்தால் அன்றைய கூலி போயிற்று. இக்கரையில் புதிதாக வண்டி வாங்கிய ஒருவர், மெக்கானிக்கை எதிர்பாராமல் வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டிய வேலை எது? இதற்கு விடை காண மோட்டார் சைக்கிளின் வரலாற்றைச் சற்றுப் புரட்ட வேண்டும்.

தொடக்க கால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் எஞ்சினின் ஆற்றலைப் பின்சக்கரத்திற்குக் கொண்டு சென்றது தோல் பட்டை. மழை பெய்தால் அது வழுக்கும், வெயிலில் தளரும். அதன் இடத்தைப் பிடித்த உருளைச் சங்கிலி, அதாவது நாம் செயின் என்று அழைப்பது, மோட்டார் சைக்கிளைவிட மூத்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு 1880இல் அதை உருவாக்கினார். ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊசி, அதைச் சுற்றி ஒரு குழல், அதற்கு வெளியே சுழலும் ஓர் உருளை, அமைப்பு அவ்வளவே. நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அடிப்படை மாறவில்லை. பொறியியலில் இவ்வளவு நீண்ட ஆயுள் சில கருவிகளுக்கே வாய்க்கிறது.

நம் மாநிலத்தில் இச்சங்கிலியோடு ஓடிய வண்டிகளுள் ஒன்று புல்லட். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955இல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. அந்நாளில் புல்லட் வாங்கியவர் அரை மெக்கானிக்காக ஆகியே தீர வேண்டும். கான்டாக்ட் பாயின்டின் இடைவெளியை மெல்லிய தகடு கொண்டு அளந்து, ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டருக்குத் திருத்த வேண்டும். டாப்பெட்டைச் சரிசெய்ய வேண்டும். பிளக்கின் கரியைச் சுரண்ட வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றித் துளைகளை ஊத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைகள் இதிலேயே கழிந்தன. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 போன்ற இரண்டு-ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு ஆயிலை அளவாகக் கலப்பதும், சைலன்ஸரில் படியும் கரியை நீக்குவதும் சேர்ந்துகொண்டன.

இந்த வேலைகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. மின்னணுப் பற்றவைப்பு பரவியதும் கான்டாக்ட் பாயின்ட் ஒழிந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் பீய்ச்சும் கருவி பிடித்துக்கொண்டது. வீட்டில் ஸ்பேனர் எடுக்கும் பழக்கமும் குறைந்தது. ஆனால் காற்று படும் இடத்தில் சுழலும் செயின் மட்டும் பெரும்பாலான வண்டிகளில் அப்படியே நிற்கிறது. உள்நாட்டு ஊர்களில் அதற்குப் பகை தூசியும் தேய்மானமுமே. மரக்காணத்தில் இன்னொரு பகையும் உண்டு.

பாத்தியோரக் காற்று உப்புத் துகள்களைச் சுமந்து வருகிறது. சக்கரங்கள் உப்புச் சேற்றை வாரி இறைக்கின்றன. காய்ந்த உப்பு இரும்பை அவ்வளவாகத் தீண்டாது. ஆனால் காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சோற்றுப்பு காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சித் தானே கரைந்துவிடுகிறது. மழைக்காலத்தில் நம் வீட்டு உப்புச் சாடி நீர்த்துப் போவது இதனால்தான். உப்பளத்தில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு செறிந்துள்ளது. அதற்கு 33 விழுக்காடு ஈரப்பதமே போதும். கடலோரத்தில் நண்பகலில்கூடக் காற்று அவ்வளவு வறள்வது அரிது. ஆகவே அந்நீர் தெறித்த செயின், மழையே பெய்யாத மே மாதத்திலும், நம் கண்ணுக்குத் தெரியாமல் நாள் முழுதும் நனைந்தே இருக்கிறது!

நனைந்தால் என்ன நேரும் என்பதைக் கேம்பிரிட்ஜில் ஆய்வு நடத்திய யு.ஆர். எவான்ஸ் ஒரே ஒரு துளி உப்பு நீரைக் கொண்டு விளக்கிக் காட்டினார். தேய்த்துத் துப்புரவாக்கிய இரும்புத் தகட்டின் மேல் அத்துளியை வைத்தால், விளிம்பில் ஆக்சிஜன் மிகுதி, நடுவில் குறைவு. இந்த வேறுபாடே துளியை ஒரு சிறு மின்கலமாக்குகிறது. நடுவிலுள்ள இரும்பு கரைகிறது; விளிம்பை நெருங்கும் இடத்தில் துரு வளையமாகப் படிகிறது. மாணவர்கள் இதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். செயினில் ஊசிக்கும் குழலுக்கும் இடையே உள்ள சந்தும் ஆக்சிஜன் குறைந்த இடமே. வெளியே பளபளக்கும் செயின் உள்ளே அரிக்கப்படுவதற்கு இதுவே காரணம். ஒரு கண்ணியில் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் பொருட்படுத்த மாட்டோம். நூறு கண்ணிகளில் அது 10 மில்லிமீட்டர்! செயின் ‘நீண்டுவிட்டது’ என்கிறோமே, உண்மையில் எந்த இரும்பும் நீளவில்லை.

இடத்திற்கு இடம் துரு எவ்வளவு வேறுபடுகிறது என்பதை அளந்து காட்டும் பணியில் தமிழகத்திற்குச் சிறப்பிடம் உண்டு. அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் உருவாகி, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம். உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து, அவை இழக்கும் எடையை நிறுத்துப் பார்க்க மண்டபத்தில் அதற்கு ஒரு கடலோர நிலையமும் அமைந்தது. இந்தியாவின் அரிமான வரைபடத்தையும் இந்நிலையம் வெளியிட்டது.

இனி, புதியவர் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். உப்பின் மேல் எண்ணெய் விட்டால் உப்பு உள்ளேயே சிறைப்படும். எனவே முதலில் நன்னீர், பிறகு உலர்ந்த துணி, அதன் பின்னரே எண்ணெய். கடலோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பு. அதில் கழுவுவதால் பயனில்லை. குடிக்கும் நீரில் ஒரு வாளி போதும். வேகமாகப் பீய்ச்சினால் நீர் பேரிங்குகளுக்குள் புகும். மெதுவாக ஊற்றுவதே நலம். வடித்தெடுத்த பழைய எஞ்சின் ஆயிலைச் செயினுக்கு விடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. உலோகத் துகளும் அமிலமும் கலந்த எண்ணெய் அது. ரப்பர் வளையம் பொருத்திய செயினாக இருந்தால் பெட்ரோலால் கழுவக் கூடாது. எஞ்சினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். ஓடும் செயினில் துணியைப் பிடித்தால் விரல் போய்விடும். டயரிலோ பிரேக்கிலோ ஒரு சொட்டு எண்ணெயும் படக் கூடாது.

கழுவுவதற்கு ஏற்ற வேளை மாலை, வேலை முடிந்து வீடு திரும்பியதும். பொழுது சாய்ந்தால் ஈரப்பதம் ஏறும். செயினில் ஒட்டிய உப்பு கரையத் தொடங்குவது அப்போதுதான்.