சத்திரசிகிச்சைக் கூடமும் தாயின் மார்பும்: ஒரு பிரிவின் வரலாறு

மகப்பேற்று மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் மருத்துவரது வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சிசேரியன் சத்திரசிகிச்சை பற்றிய நூல்களிற் கத்தியும் தையலும் மயக்கமருந்தும் முதன்மை பெறுகின்றன. வயிறு கிழிக்கப்பட்டவளும் வெளியே எடுக்கப்பட்ட சிசுவும் அடுத்த ஒரு மணிநேரத்தை யாருடன் கழித்தனர் என்ற வினா அவற்றில் அரிதாகவே எழுப்பப்படுகின்றது. அச்சிசுவைத் துடைத்து உடனே தாயின் வெற்று மார்பிற் கிடத்துதல் நன்றென இன்று மருத்துவமே கூறுகின்றது. அவ்வாறாயின் முன்னர் இருவரையும் பிரித்து வைத்தது எது?

தாயன்பை மருத்துவம் மறந்திருந்தது என்பது சிலர் கூறும் விடை. அன்பின் ஏற்றவிறக்கங்களைக் கொண்டு வைத்தியசாலையின் நடைமுறைகளை விளக்கிவிட முடியாது. 1882இல் ஜேர்மனியரான மக்ஸ் சேங்கர் கருப்பையைத் தைத்து மூடும் முறையை வெளியிடும் முன்னர் இச்சிகிச்சைக்குட்பட்ட தாய்மாரிற் பெரும்பாலோர் மாண்டனர். உயிர் பிழைப்பதே ஐயமாயிருந்த நிலையில் அணைப்பைப் பற்றிப் பேச இடமிருக்கவில்லை. அதன் பின்னரும் நீண்டகாலம் தாய் முழு மயக்கத்திலேயே கிடந்தாள். சிசுவை ஏந்திக்கொள்ள விழித்திருந்த தாய் எவளும் அக்கூடத்தில் இல்லை. பிரிவின் முதற்காரணம் இதுவே.

இம்மயக்கம் நீங்கியது எவ்வாறு என்பது கவனத்திற்குரியது. மயக்கமுற்ற கர்ப்பிணிகளின் இரைப்பையிலுள்ளவை நுரையீரலுட் புகுந்து விளைக்கும் ஆபத்தை நியூயோர்க்கைச் சேர்ந்த கேர்ட்டிஸ் மெண்டல்சன் 1946இல் விளக்கினார். முள்ளந்தண்டின் வழியே உடலின் கீழ்ப்பாகத்தை மட்டும் மரக்கச் செய்யும் முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் படிப்படியாக மேலோங்கியதற்கு இவ்வாபத்தைத் தவிர்க்கும் நோக்கமும் ஒரு காரணமாகும். தாய் விழித்திருந்தது அவளது பாதுகாப்புக்காகவேயன்றி, பிள்ளையை அவள் காண வேண்டும் என்பதற்காக அன்று. விழித்த பின்னரும் சிசு அறையின் மூலையிலுள்ள வெப்பமேசைக்கே கொண்டு செல்லப்பட்டது. தாயின் கைகள் பலகைகளில் நீட்டிவைக்கப்பட்டிருந்தன. அவளது முகத்துக்கு முன்னே திரையொன்று தொங்கியது.

சிசுவைக் கருவியிடம் ஒப்படைக்கும் வழக்கம் இதற்கும் முற்பட்டது. 1880ஆம் ஆண்டளவிற் பாரிஸ் மகப்பேற்று வைத்தியசாலையில் ஸ்ரெபான் தார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு, குறைமாதச் சிசுக்களுக்கான அடைகாப்புப் பெட்டியை அமைப்பித்தார். நியூயோர்க்கின் கொனித் தீவுக் களியாட்டுத் திடலில் 1903 முதல் 1943 வரை மார்ட்டின் கூனி என்பவர் இத்தகைய சிசுக்களைக் காட்சிக்கு வைத்தார். பார்வையாளர் பணம் கொடுத்துக் கண்ணாடியூடாகக் கண்டுகளித்தனர். பெற்றோரிடம் அவர் பணம் பெறவில்லை என்பதையும் நியாயமாகக் கூறவேண்டும்.

இப்போக்கினை மாற்றியது செல்வநாடுகளின் ஆய்வுகூடம் அன்று, வறுமையே. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் தாய்சேய் வைத்தியசாலையில் அடைகாப்புப் பெட்டிகள் போதவில்லை. தொற்றுநோய் மலிந்தது, பிரிந்திருந்த தாய்மார் சிலர் சிசுக்களைக் கைவிட்டுச் சென்றனர். 1978இல் எட்கார் ரே சனாப்ரியாவும், அடுத்த ஆண்டு அவருடன் இணைந்த எக்டர் மார்ட்டினெஸும், சிசுவைத் தாயின் மார்போடு தோலுறக் கட்டிவைக்கும் முறையைக் கையாண்டனர். கங்காரு முறை எனப்படுவது இதுவே. ஏழைகளின் மாற்றுவழி என்றே அது நெடுங்காலம் கருதப்பட்டது. எனினும் 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு இக்கருத்தைத் தகர்த்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளில் எடை குறைந்த 3,211 சிசுக்கள் அதில் இடம்பெற்றன. உடல்நிலை சீராகும் வரை காத்திராது பிறந்தவுடனேயே இம்முறை தொடங்கப்பட்ட பிரிவில் 28 நாள்களுள் இறந்தோர் 12.0 வீதம், காத்திருந்த பிரிவில் 15.7 வீதம். இதற்கெனத் தீவிர சிகிச்சைப் பிரிவினுள்ளேயே தாய்க்கும் கட்டில் இடப்பட்டமை கருவிகளை விடப் பெரிய மாற்றமாகும்.

சிசேரியன் கூடத்தினுள் மாற்றம் பின்னரே புகுந்தது. இலண்டனைச் சேர்ந்த பிஸ்க், பிளாட், ஸ்மித் ஆகியோர் 2008இல் வெளியிட்ட கட்டுரையில் திரை தாழ்த்தப்படுகின்றது. இதயத்துடிப்பைப் பதியும் கம்பிகள் மார்பின் முன்புறத்திலிருந்து அகற்றப்படுகின்றன. சேலைன் ஊசி தாய் அதிகம் பயன்படுத்தாத கையில் ஏற்றப்படுகின்றது. சிறு திருத்தங்களே! ஆயின் அக்கூடத்தில் எல்லாம் எவரது வசதிக்கேற்ப அடுக்கப்பட்டிருந்தன என்பதை அவை அம்பலப்படுத்துகின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். அமெரிக்கரான கிளௌசும் கெனலும் 1972இல் 28 தாய்மாரை மட்டும் கொண்டு நடத்திய ஆய்விலிருந்து, பிறப்பையடுத்த நேரமே தாய்-சேய்ப் பிணைப்பைத் தீர்மானிக்கின்றது என்ற கோட்பாடு வளர்ந்தது. டயான் ஐயர் 1992இல் அதனை ஒரு விஞ்ஞானப் புனைவு எனச் சாடினார். அவரது சீற்றத்தில் நியாயமுண்டு. சத்திரசிகிச்சையால் அந்நேரத்தை இழந்தவள் குறைபட்ட தாய் என்றால், வைத்தியசாலை ஒழுங்கின் விளைவை அவளது குற்றமாக்கி விடுகின்றோம். தோலுறவால் தாய்ப்பாலூட்டல் மேம்படுகின்றது என்பதற்குச் சான்று உண்டு. 2016இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு 46 பரிசோதனைகளைத் தொகுத்தது. அவற்றுள் எட்டே சிசேரியன் தாய்மாரை உள்ளடக்கின. சான்று காட்டும் எல்லைக்கு அப்பால் தாய்மாரை அச்சுறுத்துதல் தகாது.

உலகிற் பிறப்போரில் ஏறத்தாழ 21 வீதத்தினர் சிசேரியன் மூலம் பிறக்கின்றனர் என 2021இல் உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. மல்லாந்து கிடக்கும், களைப்புற்ற தாயின் மார்பிற் கிடத்தப்பட்ட சிசுவின் மூச்சும் நிறமும் ஓயாது கண்காணிக்கப்பட வேண்டும். அது வழுவி விழாதிருக்க ஒரு கை துணைநிற்க வேண்டும். வயிறு தைக்கப்படும் நேரம் முழுவதும் வேறு பணியின்றி அருகில் நிற்கும் ஒரு மருத்துவிச்சி இதற்குத் தேவை. இரவுப் பணிக்கு ஒருவரோ இருவரோ உள்ள வைத்தியசாலையில் அவளுக்குச் சம்பளம் வழங்குவது யார் என்பது வரவுசெலவுத் திட்டங்களிலேயே தீர்மானிக்கப்படுகின்றது.